ஜாஸிலிருந்து என்விடிஏவுக்கு மாறும்போது

ஜாஸும் என்விடிஏவும் கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குக் குரலில் சொல்லும் திரை வாசிப்பான்கள். உரிமம் வாங்காத ஜாஸ் 40 நிமிடம்தான் ஓடும். பிறகு கணினியையே மறுபடி தொடக்க வேண்டும். என்விடிஏ இலவசம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பொதுக் கணினியில் வேலை செய்பவர்கள் அதை பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிரதி கடவுச்சொல் கேட்கும் திரையை வாசிக்காது. அங்கே விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸிலேயே உள்ள வாசிப்பானான நரேட்டரை எழுப்புங்கள்.

ஜாஸையும் என்விடிஏவையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். இரண்டுக்கும் இன்சர்ட்தான் கட்டளை விசை, குரலும் மோதும். இன்சர்ட், எஃப்4 அழுத்தி ஜாஸை மூடிய பிறகே மற்றதைத் திறவுங்கள். என்விடிஏவை மூட இன்சர்ட், கியூ.

தொடர்ந்து வாசிக்க இன்சர்ட், கீழ் அம்பு: இது மாறாது. ஆனால் தலைப்புகளின் பட்டியலுக்கு ஜாஸில் இன்சர்ட், எஃப்6; என்விடிஏவில் இன்சர்ட், எஃப்7. கை பழகும்வரை தடுமாறும், விட்டுவிடாதீர்கள்.

என்விடிஏவில் தமிழ்க் குரலுக்கு இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் அழுத்தி ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளைத் தெரிவுசெய்யுங்கள். அடுத்து இன்சர்ட், கன்ட்ரோல், வி அழுத்தி, குரல்களில் தமிழ். குரல் கரகரப்பானது, ஆனால் வேகமாக ஓடவிட்டாலும் சொல் புரியும்.

நம்மிடம் அதிகம் சிக்கல் தருவது பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணங்கள். அது ஆங்கில விசை எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் எழுத்துரு. அதில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் மட்டுமே. எந்தத் திரை வாசிப்பானும் உளறும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றித்தான் கேட்க வேண்டும்.