டேட்டா ரீசார்ஜ் இல்லாமல் ஸ்மார்ட்போன்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

பிராட்பேண்ட் இணைப்பு உள்ள ஒரு சென்னை வீட்டில் நான்கு பேர் இருந்தால், அந்த வீடு பெரும்பாலும் இணையத்துக்காக ஐந்து முறை பணம் கட்டுகிறது: சுவரில் மாட்டிய ரௌட்டருக்கு ஒன்று, நான்கு கைபேசிகளுக்கு நான்கு. இரவு முழுவதும் வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசி காலையில் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ போய் அங்குள்ள வைஃபையில் சேர்ந்துகொள்கிறது. நடுவே பேருந்திலும் மெட்ரோவிலும் கழியும் நேரத்துக்காக நாளொன்றுக்கு 2 ஜிபி வாங்கி, அதில் பெரும்பகுதியை நள்ளிரவில் காலாவதியாக விடுகிறோம். அந்த இடைப்பட்ட நேரத்தை டேட்டா இல்லாமல் கடப்பதற்கான ஏற்பாடுகளை இங்கே சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு சிம்களை இப்படி மாற்றி ஓராண்டுக்கு மேலாகிறது. இன்னொரு சிம்மில் மட்டும் டேட்டாவை விட்டுவைத்திருக்கிறோம்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. உணவு விநியோகம், வாடகைக் கார், ஆட்டோ என்று வருமானமே செயலி வழியாக வருபவர்களுக்கு டேட்டா என்பது தொழில் கருவி. அதை நிறுத்துவது சிக்கனமாகாது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்களும் இதில் இறங்க வேண்டாம். தெரு முனை வைஃபையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

முதலில் இரண்டு வார ஒத்திகை

இப்போதைய ரீசார்ஜ் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, வீட்டைவிட்டு வெளியே செல்லும்போது மொபைல் டேட்டா பொத்தானை அணைத்துவிட்டுச் செல்லுங்கள். தவிர்க்க முடியாமல் அதை இயக்க வேண்டி வந்தால் இயக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எதற்காக இயக்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் பதினான்கு நாள் முடிவில் பதினொரு வரிகள் இருந்தன. அவற்றில் ஆறு, கடையில் பணம் செலுத்துவதற்கு. மூன்று, வழி பார்ப்பதற்கு. மீதி இரண்டும், உறவினர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்க்கும் ஆவலே தவிர வேறில்லை. உங்கள் தாளில் என்ன இருக்கிறதோ, அதற்குத்தான் மாற்று ஏற்பாடு தேவை.

சிம் உயிரோடு இருக்க வேண்டும்

டேட்டாவை விடலாம், சிம்மை விட முடியாது. வங்கியின் ஓடிபி, எரிவாயு முன்பதிவு, மருத்துவமனை அழைப்பு எல்லாம் சாதாரண அழைப்பாகவும் குறுஞ்செய்தியாகவுமே வருகின்றன. அவற்றுக்கு இணையம் வேண்டாம், செல்லுபடியாகும் எண் வேண்டும். முன்பெல்லாம் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் செய்ய விரும்பியவரும் டேட்டாவைச் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ஒரு திட்டத்தையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றும், அத்தகைய திட்டத்தின் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றும் விதியைத் திருத்தியது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் திட்டங்களை அறிவித்தன. அதே சமயத்தில் நாளுக்கு 2 ஜிபி தரும் ஏர்டெல்லின் ஓராண்டுத் திட்டம் 3,599 ரூபாய். ஒரு சிம்முக்கு ஆண்டுக்கு 1,750 ரூபாய் வித்தியாசம் என்பது இந்தக் கணக்கு. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. ரீசார்ஜ் செய்யும் நாளில் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்திட்டங்கள் கண்ணில் படும் இடத்தில் இருப்பதில்லை. எங்கள் தெரு ரீசார்ஜ் கடைக்காரர் முதலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தார்; தொகையைச் சொல்லிக் கேட்ட பிறகே கணினியில் கண்டுபிடித்தார். எனவே திட்டத்தின் பெயரைக் கேட்காமல், தொகையைத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது சிம் வைத்திருப்பவர்கள் ஒரு விதியை நினைவில் வைப்பது நல்லது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். ஆனால் கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும். எண் கைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு மட்டுமே இது உதவும். அழைப்பு வசதிக்கு ஈடாகாது.

திட்டம் மாறிய அன்றே அமைப்புகளில் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். முதலாவது, மொபைல் டேட்டாவை நிரந்தரமாக அணைப்பதும், இரண்டு சிம் உள்ள கைபேசியில் ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதியை நிறுத்துவதும். இரண்டாவது, வைஃபை அழைப்பு என்ற வசதியை இயக்குவது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் உள்ளறைகளில் சிக்னல் கிடைக்காமல் பால்கனிக்கு ஓடுபவர்களுக்கு இது பெரிய விடுதலை: வீட்டு பிராட்பேண்ட் வழியாகவே சாதாரணத் தொலைபேசி அழைப்பு வந்து போகும், மறுமுனையில் இருப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

வரைபடம்: அதிகம் அஞ்சப்படுவதும் எளிதில் தீர்வதும்

டேட்டா இல்லாவிட்டால் வழி தெரியாமல் நிற்போம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. கைபேசி தன் இருப்பிடத்தை அறிவது இணையத்தால் அன்று. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் பெற்றுத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. இணையத்திலிருந்து வருவது அந்தப் புள்ளியின் கீழே விரியும் வரைபடம் மட்டுமே, அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் மேப்ஸில் உங்கள் முகப்புப் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் வரைபடங்கள் என்ற பகுதி வரும். அதில் சொந்தமாக ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டத்தை வடக்கே எண்ணூரிலிருந்து தெற்கே செங்கல்பட்டு வரை, மேற்கே திருவள்ளூரையும் சேர்த்து இழுத்து, வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கூகுளின் ஆஃப்லைன் வரைபடம் வண்டி ஓட்டுபவருக்கே வழி சொல்லும். நடைவழி, பேருந்து வழி, போக்குவரத்து நெரிசல் ஆகியவை அதில் கிடைக்கா. சென்னையில் டேட்டா இல்லாமல் சுற்றுபவர் பெரும்பாலும் நடப்பவராகவும் பேருந்தில் போகிறவராகவும் இருப்பார் என்பதால், பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவை அடிப்படையாகக் கொண்ட ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் செயலியையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். இவை இணையம் இல்லாமலே நடைவழியைக் காட்டும். மயிலாப்பூர் மாடவீதிகளுக்குள் புகுந்து வெளியேறும் சந்துகளை எங்களுக்குச் சரியாகவே காட்டியிருக்கின்றன. பேருந்து எண்களை மட்டும் புறப்படும் முன் வீட்டில் பார்த்துத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து இரவில் திரும்புவதாக இருந்தால், எந்த எண் எங்கே போகும் என்ற திரைப்பிடிப்பு கையில் இருப்பது நிம்மதி.

டேட்டா இல்லாதபோது இருப்பிடப் புள்ளி உடனே தோன்றாமல் தாமதிப்பதைக் கண்டு, செயலி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. டேட்டா உள்ள கைபேசி அந்த விவரத்தை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். இல்லாத கைபேசி வானத்திலிருந்து முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சௌகார்ப்பேட்டையின் குறுகிய தெருக்களில், இருபுறமும் கட்டடம் மறைக்கும்போது, அந்த விவரம் நடுவில் அறுந்து அறுந்து வரும். ஆகவே வீட்டு வாசலில் வைஃபை எல்லைக்குள் இருக்கும்போதே வரைபடத்தை ஒருமுறை திறந்து புள்ளி தோன்றியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியில் தடுமாறினால், வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நில்லுங்கள்.

வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போக வேண்டியவை இன்னும் சில உண்டு. ஆதார், காப்பீட்டு அட்டை, பயணச் சீட்டு ஆகியவற்றைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கி ஒரே கோப்புறையில் வையுங்கள். பாடல்களையும் ஒலிப்பேச்சுகளையும் முந்தின இரவே இறக்கிக்கொள்ளலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கான ஆஃப்லைன் தொகுப்பு இருக்கிறது. கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே கோப்பாக வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்குழந்தை உள்ள வீட்டில் இது வீண்போகாது.

பணம் செலுத்துதல்

எங்கள் தாளில் இருந்த பதினொரு வரிகளில் ஆறு இதற்கானவை என்று சொன்னேன். இதற்கு முதல் தீர்வு, சட்டைப்பையில் சில்லறையாக 300 ரூபாய். இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்று தோன்றும். ஆனால் கியூஆர் அட்டை வந்த பிறகு சில்லறை வைத்திருக்கும் பழக்கமே நம்மிடம் விட்டுப்போயிற்று, இளநீர்க் கடைக்காரரிடமும் மீதி கொடுக்கக் காசு இருப்பதில்லை. 10, 20 ரூபாய்த் தாள்களாக வைத்திருந்தால்தான் பயன்.

மெட்ரோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் சிங்கார சென்னை அட்டை ஒன்றே போதும். 2023இல் மெட்ரோவில் அறிமுகமான இந்த அட்டை 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் பயன்படுகிறது. பணம் அட்டையிலேயே இருப்பதால் கைபேசி அணைந்துபோனாலும் பயணம் நிற்காது. மெட்ரோ நிலையத்தில் இருப்பை நிரப்பிக்கொள்ளலாம்.

பெரிய தொகை என்றால் இணையம் இல்லாத யுபிஐ இருக்கிறது. வங்கியில் பதிவான எண்ணிலிருந்து *99# என்று அழைத்தால் திரையில் பட்டியல் ஒன்று வரும். அதன் வழியே பெறுபவரின் எண்ணையும் தொகையையும் தந்து, யுபிஐ பின் எண்ணை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஒருமுறைக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே சேவையில், 080 4516 3666 என்ற எண்ணை அழைத்துக் குரல் வழிகாட்டலின்படியும் அனுப்பலாம். இதன் உச்சவரம்பு 2024 அக்டோபரில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டுமே மெதுவானவை. சில சிம்களில் *99# ஒத்துழைப்பதும் இல்லை. பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கும் மருந்துக் கடையில் முதல்முறையாக முயன்று பார்க்காமல், வீட்டிலேயே தெரிந்த ஒருவருக்கு 10 ரூபாய் அனுப்பிப் பழகிக்கொள்ளுங்கள்.

வெளியில் கிடைக்கும் வைஃபை

சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் போன்ற இரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனத்தின் ரெயில்வயர் வைஃபை நாளுக்கு 30 நிமிடம், நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இலவசம். எண்ணைத் தந்து ஓடிபி பெற்று நுழைய வேண்டும். கணக்குப் போட்டால் அரைமணியில் ஏறத்தாழ 225 எம்பி வரும். செய்திகளைப் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் அது தாராளம். படம் பார்க்கப் போதாது. மத்திய அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின் கீழ் தேநீர்க் கடை, மளிகைக் கடைகளும் சிறு கட்டணத்துக்கு வைஃபை தரலாம். உங்கள் பகுதியில் அந்தப் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

பொது வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள். நிலையத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்த போலி இணைப்பை யார் வேண்டுமானாலும் ஒரு கைபேசியிலிருந்தே உருவாக்க முடியும். பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தால், தொடர் என்பதை அழுத்தாமல் இணைப்பைத் துண்டியுங்கள். வேலை முடிந்ததும் அந்த இணைப்பைக் கைபேசி மறந்துவிடும்படி நீக்கிவிடுங்கள்.

மனிதர்களைப் பழக்குவது

கருவியைப் பழக்குவதைவிடச் சிரமமானது இதுதான். நீலக்குறி விழவில்லை என்றதும் கோபித்துக்கொள்ளும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நீங்கள் இணைப்பில் இல்லாதபோது வரும் வாட்ஸ்அப் செய்தி 30 நாள் வரை அந்நிறுவனத்தின் சர்வரில் காத்திருக்கும், ஒன்றும் தொலையாது. ஆனால் அது தாமதமாகப் பார்க்கப்படும் என்பது அனுப்புபவருக்குத் தெரிய வேண்டும். சுயவிவரக் குறிப்பில் “அவசரமென்றால் அழைக்கவும்” என்று எழுதிவிட்டு, பெற்றோரிடமும் பள்ளியிலும் மேலதிகாரியிடமும் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். என் மாமியாருக்கு இது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது அவர் அழைக்கத்தான் செய்கிறார், பேச்சும் நீளுகிறது.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் சேர்ந்தே நின்றன. அப்போது டேட்டா ரீசார்ஜ் செய்தவரும் செய்யாதவரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். எஃப்எம் ரேடியோ வசதி உள்ள கைபேசி ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். கம்பியுள்ள இயர்போனே அதற்கு ஆன்டெனா. ப்ளூடூத் இயர்போன் உதவாது. சென்னையில் 101.4இல் எஃப்எம் ரெயின்போ கிடைக்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் பவர் பேங்கை நிரப்பி, அந்த இயர்போன் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.