வகுப்பறைக்கு டேப்லெட் வாங்கப் போகிறீர்களா?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் தாங்கள் படித்த பள்ளிக்கு டேப்லெட் வாங்கித் தர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் போதவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். ஆளுக்கொன்று தேவையே இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தால் போதும், பேசிக்கொண்டே கற்பார்கள்.

முதலில் ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது டேப்லெட் பயன்படுத்தும் நினைவகம். 4 ஜிபிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். 2 ஜிபி டேப்லெட் புதிதில் ஓடும், ஆப்கள் சேரச் சேரத் திணறும். அப்புறம் ஆண்ட்ராய்டு. எந்தப் பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். பழைய பதிப்பிலேயே நின்றுபோனதில் ஆப்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நஷ்டம்தான்.

சிம் வசதி வேண்டாம், வைஃபை மட்டும் உள்ள மாடல் விலை குறைவு. அரசின் பாடக் காணொளிகள் உள்ள மணற்கேணி, தீக்‌ஷா ஆப்களைக் கடையிலேயே இறக்கி ஒரு பாடத்தை ஓட்டிப் பாருங்கள். வகுப்பில் ஃபேன் ஓடும்போதும் கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கர் சத்தம் இருக்க வேண்டும்.

பர்மா பஜாரில் விலை ஆசை காட்டும். சரி, ஆனால் ஜிஎஸ்டி பில்லும் வாரண்டியும் இல்லாமல் பள்ளிக்காக எதையும் எடுக்காதீர்கள்.

தடித்த ரப்பர் உறைக்கும் டெம்பர்டு கிளாஸுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்று. சார்ஜ் போடும் துளையை மூடுகிற உறையாகப் பார்த்து வாங்கி, பூட்டிய பீரோவில் வையுங்கள். கோடை விடுமுறைக்கு முன் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.