கடனட்டையில் புரியாத அறவீடு வந்தால் என்ன செய்வது?

போன வருசம் மாமாவின் கடனட்டைக் கூற்றை எடுத்துப் பார்த்தபோது, காப்புறுதிக்கென்று மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கிலப் படிவத்தில் புள்ளடி போட்டுக் காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கையெழுத்து வைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. 2023 ஆகஸ்ட்டில் மத்திய வங்கி வர்த்தமானியில் வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்றில் நீங்கள் விரும்பும் மொழியில் வங்கி விளக்க வேண்டும். ஆஸ்பத்திரி வீதியில் இருக்கிற கிளையாக இருந்தாலும் சரி, கடைவாசலில் மேசை போட்டு அட்டை விற்கிற பிள்ளைகளாக இருந்தாலும் சரி, வட்டி வீதம், வருடக் கட்டணம், பிந்தினால் வரும் தண்டம், கூடவே ஒட்டிவரும் காப்புறுதி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வட்டியைப் பற்றி ஒரு கணக்கு. அதே 2023 ஆகஸ்ட்டில் கடனட்டை வட்டிக்கு வருடம் 28 வீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு போட்டது. அந்த வீதத்தில் 1 இலட்சம் ரூபாய் நிலுவைக்கு மாதம் ஏறத்தாழ 2,330 ரூபாய் வட்டி வரும். ஆகக்குறைந்த தொகை என்று 5,000 மட்டும் கட்டினால், அதில் பாதிக்குக் கிட்ட வட்டிக்கே போய்விடும், கடன் மெதுவாகத்தான் குறையும். உங்கள் வங்கி இப்போது எடுக்கும் வீதம் கூற்றிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். அட்டையைப் போட்டு ஏரிஎம்மில் காசு எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணமும் தனி.

சரி, தெரியாத அறவீடு வந்துவிட்டது. முதலில் வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் செய்யாத கொடுக்கல் வாங்கல் என்றால் அட்டையை உடனே நிறுத்தச் சொல்லி, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஆனால் வாயால் சொன்னதோடு விடக்கூடாது. மாமா கிளைக்கு நாலு தரம் நடந்தார், ஒவ்வொரு தரமும் "பார்க்கிறோம் ஐயா" என்ற பதில்தான். திகதி, தொகை, என்ன கேட்கிறோம் என்பதை ஒரு பக்கக் கடிதமாகத் தமிழில் எழுதி, பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, முறைப்பாட்டு இலக்கமும் கேட்ட பிறகுதான் வேலை நடந்தது.

அதற்கும் அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வங்கியிடம் முறையிட்டீர்களா என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள், அந்த முத்திரை குத்திய பிரதி அப்போது கைகொடுக்கும். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், 2003 இலிருந்து இயங்கும் ஏற்பாடு, கட்டணம் இல்லை.

கடன் நிலுவையில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. வங்கிக்கு உங்களிடம் காசு கேட்கும் உரிமை உண்டு, ஆனால் மிரட்டவோ அயலவர் முன்னால் அவமானப்படுத்தவோ உரிமை இல்லை. அப்படி நடந்தால் திகதி, நேரம், அழைத்த இலக்கம் எழுதி வைத்து, அதையும் ஒரு முறைப்பாடாகவே கொடுங்கள்.

அட்டையை மூடுவதென்றால் வெட்டி எறிந்தால் போதாது. எழுத்தில் கேட்டு, நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதம் வாங்கி, அப்புறம் யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்ற பதிவுகளை வைத்திருக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் (CRIB) அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கடன் கேட்டுப் போகிற நாளில் அந்த அறிக்கையைத்தான் வங்கி முதலில் பார்க்கும்.