பெயர் சொல்லியும் பிடிபடாத கணினி: வீட்டு, அலுவலக வலையமைப்பில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்தல்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் மின்சாரம் நின்று நின்று வரும். அப்படியான ஒரு காலையில் கல்லடியிலுள்ள தொடர்பாடல் நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, ராத்திரி வரைக்கும் பிரிண்ட் வந்த. கரண்ட் போய் வந்தாப் பிறகு உள்ளுக்கு இருக்கிற கொம்பியூட்டரப் பிடிக்குதில்ல" என்றார் கடைக்கார அக்கா. இரண்டு கணினிகளிலும் இணையம் நன்றாகவே ஓடியது. ஆனால் முன்மேசைக் கணினியால் பிரிண்டர் பூட்டியிருந்த உள்ளறைக் கணினியைப் பெயரால் அடைய முடியவில்லை. இதற்காக விண்டோஸை மீள நிறுவுவது வீண் வேலை.

கணினிகள் ஒன்றையொன்று அடைவது ஐபி முகவரி எனும் இலக்கத்தால்தான். பெயர் நமது வசதிக்கானது. பெயரை இலக்கமாக மாற்ற, விண்டோஸ் முதலில் பெயர்களையும் அவற்றின் இலக்கங்களையும் எழுதிவைக்கத் தன்னிடமுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும், பிறகு பெயருக்கு இலக்கம் சொல்லும் டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்கும், அங்கும் கிடைக்காவிட்டால் அதே வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளிடமும் அந்தப் பெயர் யாருடையது என்று விசாரிக்கும்.

முதலில், அடைய வேண்டிய கணினியில் கட்டளைகளைத் தட்டும் கொமாண்ட் புரொம்ப்ட் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்து, ஐபிவி4 வரியிலுள்ள இலக்கத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அது 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ வைஃபையையோ முதலில் சரிபாருங்கள். மற்றக் கணினியிலும் இதே கட்டளையைக் கொடுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றையது 192.168.8 என்றும் தொடங்கினால், ஒன்று ஃபைபர் ரவுட்டரிலும் மற்றையது கைவசமிருந்த 4ஜி ரவுட்டரிலும் இணைந்திருக்கக்கூடும். இரண்டையும் ஒரே ரவுட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. கொமாண்ட் புரொம்ப்டில் பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு, இடைக்கோடும் 4உம் சேர்த்து, மீண்டும் இடைவெளி விட்டு மற்றக் கணினியின் பெயரைக் கொடுங்கள். அந்த 4 இல்லாவிட்டால் எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட ஐபிவி6 முகவரி வந்து, புதியவர்களைக் குழப்பிவிடும். பதில் வருகிறதா என்று பார்க்கும் முன், முதல் வரியில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன இலக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

இலக்கம் சரியாக இருந்து, பதில் மட்டும் வராவிட்டால், பெயரில் குறையில்லை. வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வோல் பிங்கை மறிப்பது வழமை என்பதால், அதை வைத்து மற்றக் கணினி இயங்கவில்லை என்று முடிவெடுக்க வேண்டாம்.

இலக்கம் தவறாக இருந்தால், பழைய குறிப்பொன்று எங்கோ தங்கியிருக்கிறது. கல்லடிக் கடையில் நடந்தது இதுதான். தாளில் 192.168.1.12 இருந்தது, திரையிலோ 192.168.1.7 வந்தது. முன்பு யாரோ ஹோஸ்ட்ஸ் கோப்பில் 7ஐ எழுதி வைத்திருந்தார்கள். மின்சாரம் மீண்டதும் ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட, அந்த 7 அக்காவின் கைபேசிக்குப் போய்விட்டது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற கோப்புறைகளின் வழியே போனால் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் காணலாம். நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்து, அந்த வரியை நீக்கிச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் டெக்ஸ்ட் பின்னொட்டு ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அதைக் கவனிக்காது. பிறகு, விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய இலக்கத்தை அழிக்க, ஐபிகான்ஃபிக்குடன் சாய்கோடும் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற சொல்லும் சேர்த்துக் கொடுங்கள் (ipconfig /flushdns).

இலக்கமே வராமல், அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால், அடைய வேண்டிய கணினியில் ஹோஸ்ட்நேம் (hostname) கட்டளையைக் கொடுத்து எழுத்துக்கூட்டலை ஒப்பிடுங்கள். பெயர் 15 எழுத்துக்கு மேற்படாமல், ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு ஆகியவற்றால் மட்டும் அமைவது நல்லது. அதே கணினியின் வலையமைப்பு அமைப்புகளில் பப்ளிக் என்றிருப்பதைப் பிரைவேட் ஆக்கி, கணினிகள் ஒன்றையொன்று காண உதவும் நெட்வேர்க் டிஸ்கவரியையும் இயக்குங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்தோடு சரியாகின. டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் பொதுச் சேவையகமான 8.8.8.8 என்று கையால் எழுதியிருந்தால் அதையும் நீக்குங்கள்; உங்கள் ரவுட்டர் வைத்திருக்கும் வீட்டுப் பெயர்கள் அதற்குத் தெரியாது. விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் உள்ள கணினிகள் பொதுவாக மற்றவற்றைக் காணாது.

மறுபடியும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில், பிரிண்டர் பூட்டிய கணினியின் வலையமைப்பு வன்பொருளை அடையாளம் காட்டும் மெக் முகவரிக்கு ஓர் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பின்னர் ரவுட்டரையும் கணினிகளையும் நிறுத்தி இயக்கி, பிங்கின் முதல் வரியில் அதே இலக்கம் வருகிறதா என்று பாருங்கள்.