மிஷனரிக் குடும்ப நாவலுக்கு வாசிப்புரை எழுதுவது எப்படி?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வாசகர் ஒருவர் மிஷனரிக் குடும்பத்தின் சிதைவைச் சொல்லும் நாவலுக்கு வாசிப்புரை எழுதும்போது, கதைச்சுருக்கத்தை நான்கு வரிக்குள் முடித்துவிட்டு, கதையை யார் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாவலாசிரியர் போதகரான தந்தைக்கு வாய் தராமல் மனைவியையும் மகள்களையுமே பேசவிட்டால், அதுவே பாதித் தீர்ப்பு. சோறு ஆறிப்போகும்வரை அவர் ஜெபத்தை நீட்டுவது போன்ற ஒரு காட்சியைக் காட்டி அதை நிறுவுங்கள். களம் காங்கோ என்றால், 1960 ஜூன் 30இல் கிடைத்த விடுதலையையும் 1961 ஜனவரியில் நடந்த, அந்நாட்டின் முதல் பிரதமர் லுமும்பாவின் கொலையையும் அறிந்துகொண்டு படியுங்கள். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயையும், நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட்டையும் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு (அந்த லேஸில் பிழைத்த குடும்பங்கள் இங்கே உண்டு) ஒப்பிடத் தோன்றும். அந்த ஒப்பீடு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். குற்றம் தந்தையுடையதா, அவரை அனுப்பிய சபையுடையதா என்பதற்கான உங்கள் பதிலைப் பக்க எண்ணுடன் இறுதியில் எழுதுங்கள்.