ரெட் ஹாட் 7ல இருந்து 9க்கு போறப்ப பழைய புரோகிராம் உடையாம பாத்துக்கறது எப்படி

ஓஎஸ் அப்கிரேட்னாலே எல்லாரும் கர்னல (ஓஎஸ்ஸோட மையப் பகுதிய) நினைச்சு தான் பயப்படுவாங்க. ஆனா நான் பாத்தவரைக்கும் கர்னல் கால வாரினதே இல்ல, வாருனது எல்லாம் கோட புரோகிராமா மாத்தற கம்பைலர், லைப்ரரி, பைத்தான் இந்த மூணு தான்.

ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7க்கு மெயின்டனன்ஸ் 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுது. நேரா 9க்கு தாவ முடியாது, ரெட் ஹாட்டோட அப்கிரேட் டூலான லீப் 7ல இருந்து 8, அப்புறம் 9னு படிப்படியா தான் ஏத்தும். முதல்ல ப்ரீஅப்கிரேட் (நிஜமா ஏத்தாம சோதிச்சு மட்டும் பாக்கறது) மட்டும் ஓட்டி ரிப்போர்ட்ட பாருங்க, இன்ஹிபிட்டர்னு (அப்கிரேட தடுக்கற பிரச்சனை) இருக்கறத சரி பண்ணாம மேல நகர விடாது. ரிப்போர்ட் க்ளீனா வந்துச்சுனு குஷியாயிடாதீங்க, நீங்களா கம்பைல் பண்ணி ஆப்ட் (/opt) ஃபோல்டர்ல போட்டு வச்சத பத்தி அதுக்கு ஒன்னும் தெரியாது.

அதெல்லாம் உடையாம இருக்க க்ளிப்சி (பெரும்பாலான புரோகிராம் நம்பியிருக்கற அடிப்படை சி லைப்ரரி) கணக்கு தெரியணும். 7ல 2.17, 8ல 2.28, 9ல 2.34. பழசுல பில்ட் பண்ணது பொதுவா புதுசுல ஓடும், புதுசுல பண்ணது பழசுல ஓடும்னு நம்பாதீங்க. ஏன்னா ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வெர்ஷன் முத்திரை இருக்கு, உதாரணத்துக்கு 64 பிட் இன்டெல்ல மெமரிய காப்பி பண்ற மெம்காப்பி ஃபங்ஷனுக்கு 2.2.5னு ஒன்னு, 2.14னு ஒன்னு, ரெண்டையும் லைப்ரரி வச்சுக்கிட்டே இருக்கு, அதனால தான் பழைய பைனரி (கம்பைல் பண்ணி வச்ச புரோகிராம்) பொழைக்குது. உங்க பைனரிக்கு எந்த வெர்ஷன் வேணும்னு ஆப்ஜ்டம்ப் கமாண்ட்ல பெரிய டி (-T) ஆப்ஷன் போட்டா தெரிஞ்சிரும். ஆக, ஒரே ஒரு 7 சர்வர் மிச்சம் இருந்தாலும் பில்ட் மெஷின அதுக்கப்புறம் தான் ஏத்தணும்.

"7ல ஜிசிசி கம்பைலர் 4.8 தானே இருக்கு, புது சி++ வேணுமே"ன்னா டெவ்டூல்செட்னு புது கம்பைலர் பேக்கேஜ் போடுங்க, 8லயும் 9லயும் அதோட பேரு ஜிசிசி டூல்செட். சிஸ்டம் கம்பைலர தொடாம தனியா உக்காரும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு, ஜிசிசி 5ல ஸ்ட்ரிங்கோட ஏபிஐ (ABI, கம்பைல் ஆன கோடு ஒன்னோட ஒன்னு சேர்ற முறை) மாறிடுச்சு, ஆனா 7ல டெவ்டூல்செட் போட்டாலும் பழைய ஏபிஐ தான் வரும். வெண்டர் குடுத்த பழைய லைப்ரரிய 8ல லிங்க் பண்றப்ப சிஎக்ஸ்எக்ஸ்11னு பேரு போட்டு அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் எரரா கொட்டுச்சுன்னா காரணம் இது தான், உங்க கோட்ல தப்பு தேடாதீங்க, புது பில்ட் கேளுங்க.

என்கிரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 7ல 1.0.2, 8ல 1.1.1, 9ல 3 வரிசை. பைனரிக்கு வேண்டிய லைப்ரரிகள காட்டற எல்டிடி கமாண்ட ஓட்டி "நாட் ஃபவுண்ட்" வருதானு பாருங்க. 8ல பில்ட் பண்ண பைனரிக்கு 9ல காம்பட் ஓப்பன்எஸ்எஸ்எல் 11 பேக்கேஜ் போட்டா ஓடும், அத வச்சு புதுசா கம்பைல் பண்ணலாம்னு நினைக்காதீங்க. 9ல ஷா 1ங்கற பழைய ஹாஷ் முறைல போட்ட டிஜிட்டல் கையெழுத்தையும் டீஃபால்டா ஏத்துக்காது, பழைய சர்ட்டிஃபிகேட் இருந்தா முன்னாடியே மாத்திருங்க.

கடைசியா பைத்தான். 8ல வெறும் பைத்தான்னு கமாண்டே டீஃபால்டா கிடையாது, 9ல பைத்தான் 2வே இல்ல. எங்க சர்வர்ல ராத்திரி ஓடற ஒரு பேக்கப் ஸ்கிரிப்டோட முதல் வரில வெறும் பைத்தான்னு தான் இருந்துச்சு, அப்கிரேடுக்கு அப்புறம் அது ஓடவே இல்ல, கிரான் (நேரத்துக்கு வேலைய ஓட்டி விடற சர்வீஸ்) ஒழுங்கா ரூட்டுக்கு மெயில் அனுப்பிக்கிட்டு தான் இருந்துச்சு, அத தொறந்து பாக்க தான் ஆள் இல்ல, மூணு நாள் கழிச்சு தெரிஞ்சுது. க்ரெப் போட்டு எல்லா ஸ்கிரிப்ட்லயும் முதல் வரிய தேடி பைத்தான் 3னு மாத்தி, 7ல இருக்கறப்பவே பைத்தான் 3 போட்டு ஓட்டி பாத்துருங்க.