வலையமைப்புக்காகக் காத்துக் கிடக்கும் லினக்ஸ் வழங்கியைத் தொடக்கி விடுவது எப்படி?

திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலோடு மின்சாரம் போய் வந்த பிறகு, அலுவலகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இயங்கும் வழங்கி (சர்வர்) தொடங்கும்போது பாதியில் நின்றுவிட்டால் உடனே மின்விசையை அணைத்துவிடாதீர்கள். திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஓட, வலையமைப்புக்காகக் காத்திருப்பதாக ஒரு வரியும் அதன் அருகில் நொடிக்கணக்கும் தெரிந்தால், இயந்திரம் பழுதடையவில்லை, ஏதோ ஓர் இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த வரியில் காலவரம்பு இல்லை என்று காட்டினாலும், காத்திருக்கும் நிரல் வழக்கமாக 120 நொடிகளில் தானாகவே கைவிட்டுவிடும். அதுவரை பொறுத்திருந்து உள்நுழையுங்கள்.

முதலில் 'நெட்வொர்க்சிடிஎல்' கட்டளையை இயக்குங்கள். (கட்டளைகளையும் கோப்பில் சேர்க்கும் சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சிட வேண்டும்.) வரும் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் 'கன்ஃபிகரிங்' என்று நிற்கும் இடைமுகமே (வலையமைப்பு இணைப்பு வாயில்) காத்திருப்புக்குக் காரணம். அதற்கு முந்தைய நெடுவரிசையில் 'நோ-கேரியர்' என்றிருந்தால் கேபிள் வழியாகச் சமிக்ஞையே வரவில்லை. அப்போது வழங்கியின் பின்புறம் போய், கேபிள் செருகியிருக்கும் இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். உட்துறைமுகத்தை ஒட்டிய கட்டடங்களில் உப்புக் காற்றால் கேபிள் முனையின் உலோகத் தகடுகள் களிம்பேறிவிடக்கூடும் என்பதால், வலையமைப்பின் அமைப்புக் கோப்பில் கைவைப்பதற்கு முன் வேறொரு கேபிளை மாட்டிப் பார்ப்பதே நல்லது.

விளக்கு எரிந்தும் வழங்கிக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் அதன் எண்) கிடைக்கவில்லையானால், மின்சாரம் வந்ததும் ரவுட்டர் தயாராவதற்குள் வழங்கி முந்திக்கொண்டிருக்கலாம். ரவுட்டரையும் கேபிள்களை இணைக்கும் வலையமைப்பு ஸ்விட்சையும் வழங்கி இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே இணைத்து, வழங்கிக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டால், டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) பதிலுக்காகக் காத்திருக்கும் தேவையே இராது. மின்னலில் கருகிய வலையமைப்பு அட்டையை மாற்றியிருந்தால், புதிய அட்டையின் பெயர் வேறாக இருக்கலாம். 'ஐபி லிங்க்' கட்டளை காட்டும் பெயரும் அமைப்புக் கோப்பில் உள்ள பெயரும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

இரண்டு அட்டைகளில் ஒன்றை மட்டும் பயன்படுத்தும் வழங்கிகளில், கேபிளே இல்லாத மற்றதற்காகவும் காத்திருக்கும்படி கோப்பு எழுதப்பட்டிருப்பதுண்டு. 'ஈடிசி' அடைவுக்குள் 'நெட்பிளான்' அடைவில் இருக்கும் அக்கோப்பைப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுத் திறவுங்கள். கேபிள் இல்லாத அந்த அட்டையின் பெயருக்குக் கீழே, டிஎச்சிபி வரி எத்தனை இடைவெளி தள்ளித் தொடங்குகிறதோ அத்தனை இடைவெளி விட்டு, 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று சேருங்கள். டாப் விசையை அழுத்தி இடைவெளி விட்டால் கோப்பு ஏற்கப்படாது. பின்னர் 'நெட்பிளான் ட்ரை' கட்டளையை 'சூடோ' தரும் நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், நீங்கள் 120 நொடிகளுக்குள் உறுதிசெய்யாதபோது பழைய அமைப்பு தானாகத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கு இது பெரிய காப்பு.

காத்திருக்கும் சேவையையே முடக்கிவிடுவது எளிது. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வலையமைப்பு எழுந்த பிறகே தொடங்க வேண்டிய என்எஃப்எஸ் கோப்பகங்களும் (வலையமைப்பு வழியே வேறொரு கணினியிலிருந்து வருபவை) சில தரவுத்தளச் சேவைகளும் அப்போது முந்தித் தொடங்கித் தோல்வியடையக்கூடும்.

மறுதொடக்கம் செய்தபின் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' கட்டளையை இயக்கி, காத்திருப்புச் சேவை எடுத்த நேரம் குறைந்துள்ளதா என்று பாருங்கள். நெட்பிளான் இல்லாத டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 'ஈடிசி' அடைவின் 'நெட்வொர்க்' பகுதியிலுள்ள 'இன்டர்ஃபேசஸ்' கோப்பைத் திறந்து, அந்த அட்டைக்கான 'ஆட்டோ' என்ற சொல்லை 'அலவ்-ஹாட்பிளக்' என்று மாற்றினால் போதும்.